பதினாலு பை ஒன்று

“அட்லாண்டாவும் வேணாம், கிட்லாண்டாவும் வேணாம். பேசாம இங்கயே இரு.”

சென்ற வார அத்தியாயத்தின் கடைசியில், சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டை அப்படியே வைத்துவிட்டு அகிலாண்டம் சொன்ன வார்த்தை இது. பெற்ற பிள்ளை முன்னேறுவதைத் தாயே தடுக்கலாமா என்று உங்களில் பாதிப்பேர் கோபப்பட்டிருப்பீர்கள். மீதிப்பேர், அதாவது பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு ஞாயிற்றுக்கிழமை போனுக்குக் காத்திருக்கிறவர்கள், ஒன்றும் சொல்லியிருக்க மாட்டீர்கள்.

சொன்ன மறுநிமிடமே அகிலாண்டத்துக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் சொல்லியாயிற்று. மகன் தமிழரசன் கேட்டாயிற்று, வீட்டுக்காரர் சிங்காரவேலுவும் கேட்டாயிற்று. அன்றிலிருந்து அந்த வீட்டில் தேவைக்குத்தான் பேச்சு.

இன்று வெள்ளிக்கிழமை. கோரையாத்தூர் நகராட்சி கம்ப்யூட்டருக்கு மாறுகிற நாள்.

வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம், ஊழியர் சம்பளம், பிறப்பு இறப்புச் சான்று, குப்பை லாரிக்கு டீசல் போட்ட கணக்கு என்று ஆளுக்கொரு பீரோவில் அடைந்து கிடந்ததையெல்லாம் ஒரே மென்பொருளுக்குள் கொண்டுவருகிற வேலை அது. அதற்கு ஈ.ஆர்.பி. என்று பெயர். விரிவாக்கம் என்ன என்று கேட்டால் நகராட்சியில் ஒருவருக்கும் தெரியாது. “அதான் சார், ஈ.ஆர்.பி.” என்பார்கள், நமக்கு ஏதோ காது மந்தம் போல.

சென்னைக் கம்பெனி ஒன்று அந்த வேலையை எடுத்திருந்தது. அதன் குழுவுக்குத் தலைவனாக வந்தவன்தான் தமிழரசன். அதே நகராட்சியில் அம்மா வருவாய் அலுவலர். ஊர்க்காரப் பையன், தெருவெல்லாம் தெரியும், வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டு வேலை பார்க்கட்டும் என்று ஆணையர் தியாகராசனுக்கும் அதில் சந்தோஷம்.

வேலை முடிந்ததும் ஒவ்வொரு பிரிவின் அதிகாரியும் ‘சரியாக இருக்கிறது, ஏற்றுக்கொள்கிறேன்’ என்று கையெழுத்துப் போட வேண்டும். மற்ற பிரிவுகள் எல்லாம் போட்டுவிட்டன. பாக்கி இருந்தது வருவாய்ப் பிரிவு மட்டும். அந்தத் தாள் இன்று மாலைக்குள் சென்னைக்குப் போய்விட்டால், தமிழரசனுக்கு அட்லாண்டா. இதற்கு முன் இரண்டு முறை அவனுக்கு வர வேண்டிய வாய்ப்பு வேறு ஆளுக்குப் போயிருந்தது. விசா குத்திய பாஸ்போர்ட் பீரோவில் அகிலாண்டத்தின் பட்டுப்புடவைக்கு அடியில்தான் கிடந்தது.

காலையில் நாற்றங்காலுக்குத் தண்ணீர் வைத்துவிட்டு வந்த சிங்காரவேலு, சேற்றுக் காலைக் கழுவாமலே கொல்லைப்புறம் நின்று குரல் கொடுத்தார்.

“அகிலா, இன்னிக்குக் கையெழுத்துப் போட்டுடுவல்ல?”

“சரியா இருந்தா போடப்போறேன். இதுல கேக்கறதுக்கு என்னங்க இருக்கு?”

“இல்ல, டீக்கடையில எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். பையன் அமெரிக்கா போறான்னு.”

“உங்களை யாரு சொல்லச் சொன்னா?”

“யாரு சொல்லணும்? என் புள்ள, நான் சொல்றேன்.”

உள்ளே தமிழரசன் தலை வாரிக்கொண்டிருந்தான். அகிலாண்டம் அவனுக்கு இட்லி வைத்தாள். இரண்டு வைக்கிற இடத்தில் நான்கு வைத்தாள்.

“நேத்து டோட்டல் டேலி ஆனதைப் பாத்தல்லம்மா?” என்றான் தமிழரசன்.

“பாத்தேன். நம்ம புத்தகத்துல இருக்கற மொத்த வரியும் கம்ப்யூட்டர்ல இருக்கறதும் பைசா சுத்தமா ஒண்ணா இருக்கு. எனக்கே ஆச்சரியம்.” இன்னும் ஒரு கரண்டி சட்னி ஊற்றிவிட்டுச் சொன்னாள்: “அன்னிக்கு ஏதோ வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன் தம்பி. மனசுல வச்சுக்காத.”

“சரிம்மா.”

அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. இன்னும் கோபம் தீரவில்லை என்று அகிலாண்டம் நினைத்துக்கொண்டாள். தாய்மார்கள் எல்லாவற்றுக்கும் தங்களையே காரணமாக நினைத்துக்கொள்வார்கள். அது ஒரு வியாதி, மருந்து கிடையாது.

நகராட்சி வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். குத்துவிளக்கு, நாதஸ்வரம், எல்லாருக்கும் லட்டு. ஒரு கம்ப்யூட்டருக்கு மாலை போட்டு, மாலை சரிந்து திரையை மறைத்ததால் அதைக் கழற்றி, மறுபடி போட்டு, ஒரு வழியாக ஆணையர் ஒரு பொத்தானை அழுத்தினார். பிரிண்டர் பல்லைக் கடிக்கிற சத்தத்தோடு முதல் வரி ரசீதைத் துப்பியது.

முதல் ரசீது வாங்கப் பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்து வரச் சொல்லியிருந்தார்கள். பாக்கி வைக்காமல் வரி கட்டுகிறவர்கள். முதலாவதாக மேடையேறியவள் பர்வின். பெரிய பள்ளித் தெரு, பதினாலாம் நம்பர் வீடு. கணவர் ஜாஹித் சவூதியில், தம்மாமில் இருக்கிறார். போட்டோ எடுத்தார்கள். பர்வின் பணத்தைக் கட்டினாள், ரசீதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள், சிரித்துக்கொண்டே இறங்கினாள்.

மேடைக்குப் பக்கத்தில் நின்றிருந்த அகிலாண்டத்துக்கு அந்தச் சிரிப்புதான் இடித்தது.

ஏனென்றால் பர்வின் கட்டியது போன வருடத்தைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. வரி பத்து ரூபாய் கூடினாலே கவுண்டரில் நின்று ஊரைக் கூட்டுகிற ஜனங்கள் கோரையாத்தூர் ஜனங்கள். அகிலாண்டம் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து, கூடுதல் வரியைச் சிரித்துக்கொண்டே கட்டிய ஒரு ஆளைப் பார்த்ததில்லை. விழா என்பதால் சங்கோஜப்பட்டுச் சும்மா இருக்கிறாள்போல என்று நினைத்து, லட்டை வாயில் போட்டுக்கொண்டு வேலையைப் பார்க்கப் போனாள்.

மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் வரி கவுண்டரில் தலைமை எழுத்தர் வீரையன் குரல் உயர்ந்தது.

“அம்மா, அப்படி ஒரு வீடே இல்லைங்கறேன். நான் என்ன பண்ணட்டும்?”

“வீடு இல்லையா? நான் அந்த வூட்டுல இருந்துதானே வர்றேன்?”

அகிலாண்டம் எழுந்து போனாள். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றவள் லத்தீஃபா. பர்வினின் தங்கை. வருடா வருடம் வரி கட்ட வருகிறவள், வரும்போதெல்லாம் அகிலாண்டத்திடம் இரண்டு வார்த்தை பேசாமல் போக மாட்டாள்.

“என்னம்மா லத்தீஃபா?”

“நீங்களே பாருங்க மேடம். சாயங்காலம் என் மவ அனீஸாவைப் பேசி முடிக்க மாப்பிள்ளை வூட்டுக்காரவுங்க வர்றாங்க. வூட்டு வரி ரசீது பாக்கணும்னாங்க. இந்த வருஷத்துது கட்டி, கையோட வாங்கிட்டுப் போவலாம்னு வந்தேன். இவரு வீடே இல்லைங்கறாரு.”

இந்த இடத்தில் ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும். கோரையாத்தூரில் பெரிய பள்ளித் தெரு, சின்னப் பள்ளித் தெரு, கப்பல்காரத் தெருப் பக்கத்து முஸ்லிம் குடும்பங்களில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். நிக்காஹ் ஆனால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார், பிறகு சபுருக்குப் போவார், அதாவது வெளிநாட்டுக்கு. வருவார், போவார். வீடும் பெண்ணும் இருந்த இடத்தில் இருப்பார்கள். ஒரு வீட்டில் இரண்டு பெண் என்றால் தகப்பனார் நடுவில் சுவர் எழுப்பி, தனி வாசல் வைத்து, இளையவளுக்கு ஒரு பகுதியைக் கொடுத்துவிடுவார். ஜமாத்துப் பெரியவர்கள் முன்னால் வாயால் சொல்லிக் கொடுப்பதுதான். பத்திரம், பதிவு ஒன்றும் கிடையாது. நகராட்சி ஆள் வந்து பார்த்து, மூத்தவள் வீட்டுக்குப் பதினாலு என்றும் இளையவள் வீட்டுக்குப் பதினாலு பை ஒன்று என்றும் நம்பர் போட்டுப் போவார். நம்பருக்கு நடுவே ஒரு சாய்ந்த கோடு, அவ்வளவுதான். ஊரில் அதைப் ‘பை வீடு’ என்பார்கள்.

பை வீட்டுக்காரிக்குத் தன் வீடு தன்னுடையது என்று காட்ட இருக்கிற ஒரே காகிதம் வரி ரசீது.

லத்தீஃபாவின் தகப்பனார் நெய்னா முகம்மதுவும் இப்படித்தான் இரண்டு பெண்களுக்கும் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடினார். கொடுத்ததைக் கேட்ட பெரியவர்களிலும் இப்போது யாரும் இல்லை.

அகிலாண்டம் வீரையனை எழுப்பிவிட்டு அவர் நாற்காலியில் உட்கார்ந்தாள். பெரிய பள்ளித் தெரு என்று அடித்தாள். பதிமூன்று வந்தது. பதினாலு வந்தது, பர்வின் பெயரில். அடுத்தது பதினைந்து.

கப்பல்காரத் தெருவை அடித்தாள். அங்கே ஏழு, ஏழு பை ஒன்று, ஏழு பை இரண்டு, ஏழு பை மூன்று என்று வரிசையாக நான்கு சகோதரிகள் வீடு இருப்பது அவளுக்குத் தெரியும். ஏழு மட்டும் இருந்தது. சின்னப் பள்ளித் தெருவிலும் அதே கதை. ஊரில் இருந்த அத்தனை பை வீடும் காணோம்.

காலையில் பர்வின் ஏன் சிரித்தாள் என்று இப்போது புரிந்தது.

“மேடம், லாத்தாவுக்கு இன்னிக்கு ரசீது கொடுத்தீங்கள்ல?” என்றாள் லத்தீஃபா. லாத்தா என்றது அக்கா பர்வினை. “அதைத் தெரு பூரா காட்டிட்டு இருக்கு. ‘முழு வூடும் என் பேருல வந்துருச்சு, கம்ப்யூட்டர்ல போட்டுட்டாங்க, இனி யாராலயும் மாத்த முடியாது’ன்னு. மச்சான் வந்ததும் சுவத்தை இடிச்சு மாடி கட்டப்போறாங்களாம். நான் விளையாட்டுக்குச் சொல்றாங்கன்னு நெனச்சேன்.”

லத்தீஃபாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கவுண்டரில் அழக்கூடாது என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

பழைய ரசீதுப் புத்தகங்களை நேற்று மாலையே கட்டி, அரக்கு முத்திரை வைத்து ரெக்கார்டு அறைக்கு அனுப்பியாயிற்று. இனிமேல் கையால் ஒரு ரசீதும் போடக்கூடாது என்று ஆணையர் சுற்றறிக்கை. அதைப் படித்துவிட்டதாக முதல் கையெழுத்துப் போட்டவள் அகிலாண்டம்தான்.

“நீ போம்மா. போன வருஷத்து ரசீதைக் காட்டு. இந்த வருஷத்துது ஏன் இல்லைன்னு கேட்டா என் செல் நம்பரைக் கொடு. நான் பேசறேன்.”

“சரியாயிருமா மேடம்?”

“சரி பண்ணாம விட மாட்டேன்” என்றாள் அகிலாண்டம். அரசாங்க வேலையில் இருக்கிறவர்கள் இந்த மாதிரி வாக்குக் கொடுக்கவே கூடாது. கொடுத்துவிட்டாள்.

தமிழரசனும் அவன் பையன்களும் உட்கார்ந்திருந்த அறை மாடியில், பழைய தடுப்பூசி அறை. அகிலாண்டம் போய் நின்றதும் பையன்கள் மூன்று பேரும் சாப்பிடப் போகிறோம் என்று நழுவிவிட்டார்கள். அப்போதே அவளுக்கு விஷயம் பாதி விளங்கிவிட்டது.

“பை வீடெல்லாம் எங்க தமிழு?”

தமிழரசன் திரையைப் பார்த்தபடி இருந்தான்.

“உன்னைத்தான் கேக்கறேன்.”

“சாஃப்ட்வேர் எடுக்கலம்மா. வீட்டு நம்பர்ல கோடு வந்தா, அதுக்கப்புறம் இருக்கறதை வெட்டிடுது. வெட்டினா பதினாலு பை ஒண்ணும் பதினாலுதான். ஒரே நம்பர்ல ரெண்டு வீடு இருக்க முடியாதுன்னு மொத்தத்தையும் திருப்பி அடிச்சிடுச்சு. ஒரு மாசம் மண்டையை உடைச்சுக்கிட்டோம்.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன. மொத வீட்டுல யார் பேரு இருக்கோ அதோட சேத்துட்டோம்.”

“வரியையும் சேத்துக் கூட்டிப் போட்டுட்டீங்க. அதான் டோட்டல் பைசா சுத்தமா வந்துச்சு. நானும் மூணு தடவை கூட்டிப் பாத்துட்டு எம்புள்ள கெட்டிக்காரன்னு நெனச்சேன்.”

“அம்மா, இது எல்லா இடத்துலயும் நடக்கறதுதான். மொதல்ல ஓட விட்டுடுவோம். அடுத்த கட்டத்துல சப்போர்ட் டீம் வந்து ஒண்ணொண்ணா சரி பண்ணுவாங்க.”

“எப்ப வருவாங்க?”

“வருவாங்க. ஆறு மாசம், ஒரு வருஷம்.”

“அந்த டீம்ல நீ இருப்பியா?”

அவன் மவுஸை நகர்த்தி வேறு ஏதோ பக்கத்தைத் திறந்தான்.

“மெட்ராஸ்லேர்ந்து வந்த பையன் செஞ்சிருந்தா தெரியாம செஞ்சான்னு விட்டுடுவேன். உனக்குத் தெரியாதா பை வீடுன்னா என்னன்னு? உங்கூடப் படிச்சானே ஃபாஜில், அவங்க அம்மா வீடு பை வீடுதானே? நோன்புக் கஞ்சி குடிக்க அந்த வீட்டுக்குத்தானே ஓடுவ?”

தமிழரசனுக்குச் சுருக்கென்றது. அது தெரிந்தது. ஆனால் சுருக்கென்றால் மனிதர்கள் உடனே திருந்திவிடுவதில்லை. முதலில் கோபம்தான் வருகிறது.

“உனக்கு நான் போகக்கூடாது. அதான் விஷயம். அன்னிக்கே சொல்லிட்டியே. இன்னிக்கு அதுக்கு ஒரு காரணம் கெடச்சிருக்கு.”

அகிலாண்டம் அங்கே கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். பொய் சொல்லி அவனைச் சமாதானப்படுத்தியிருக்கலாம். அவளுக்கு அது வரவில்லை.

“ஆமா. நீ போகக்கூடாதுன்னு எனக்கு ஆசைதான். இருக்கறது ஒரே புள்ள, அதையும் கண்ணுக்குத் தெரியாத ஊருக்கு அனுப்ப எனக்கு இஷ்டமில்ல. அது ஒரு விஷயம். அந்தப் பொம்பளைங்க வீடெல்லாம் காணாமப் போச்சு. அது வேற விஷயம். ரெண்டையும் ஒண்ணாக் கட்டாத.”

“யாரும்மா நம்புவாங்க?”

“நீ நம்பினா போதும்.”

அவன் நம்பினானா இல்லையா என்று தெரியவில்லை. கீழேயிருந்து ஆணையர் கூப்பிடுகிறார் என்று ஆள் வந்துவிட்டது.

ஆணையர் தியாகராசன் கெட்டவர் அல்ல. மண்டலத்திலேயே முதலில் மாறிய நகராட்சி என்று பெயர் வாங்க வேண்டும் என்று ஆசைப்பட்டார், அவ்வளவுதான். சென்னையிலிருந்து காலையிலிருந்து நான்கு முறை போன். மேசைமேல் ஏற்புச் சான்று, அதற்கு மேல் மூடி கழற்றிய பேனா.

“வாங்கம்மா. உங்க கையெழுத்துக்குத்தான் மொத்த நகராட்சியும் நிக்குது.”

அகிலாண்டம் நின்றுகொண்டே விஷயத்தைச் சொன்னாள். பை வீடு, வெட்டுப்பட்ட நம்பர், லத்தீஃபா, இடியப்போகும் சுவர். அவர் கேட்டார். கேட்டுவிட்டுத் தமிழரசனைப் பார்த்தார்.

“என்ன தம்பி இது?”

தமிழரசன் கதவருகே நின்றிருந்தான். அவன் சொன்ன வார்த்தையை அகிலாண்டம் கனவிலும் எதிர்பார்க்கவில்லை.

“சார், இதுல வீட்டு விஷயமும் கொஞ்சம் இருக்கு சார். நான் வெளிநாடு போறதுல அம்மாவுக்கு இஷ்டமில்ல. மூணு நாளா அதனால வீட்டுல சரியாப் பேச்சே இல்ல.”

ஆணையருக்கு முகம் மலர்ந்துவிட்டது. பெரிய பிரச்சினை ஒன்று சின்னதாகி அவர் கைக்குள் வந்துவிட்ட சந்தோஷம்.

“அட, அதானா! ஏம்மா, பெத்த மனசு எனக்குப் புரியாதா? என் மூத்தவன் சிங்கப்பூர் போனப்ப என் சம்சாரம் ரெண்டு நாள் சாப்பிடல. அதுக்காக நகராட்சியைப் பிடிச்சு நிறுத்தலாமா?”

அகிலாண்டத்துக்கு உடம்பெல்லாம் கூசியது. அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

“சார், எங்க வீட்டுப் பேச்சு இருக்கட்டும். வீரையனைக் கூப்பிட்டு ஒரே ஒரு பை வீட்டு நம்பரைத் தட்டச் சொல்லுங்க. வந்துச்சுன்னா இங்கயே கையெழுத்துப் போடறேன்.”

“சின்னச் சின்னக் குறையெல்லாம் போகப்போகச் சரியாகும்மா.”

“வீடு இல்லாமப் போறது சின்னக் குறையா சார்?”

அவருக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. “அப்ப ஒண்ணு செய்ங்க. அரை நாள் லீவு போட்டுட்டுப் போங்க. பொறுப்புல வீரையன் போடட்டும்.”

“லீவு வேண்டாம் சார். எனக்கு உடம்பு நல்லாத்தான் இருக்கு.”

ஆணையர் பேனாவை எடுத்து மூடினார். திறந்தார். தமிழரசன் பக்கம் திரும்பினார்.

“தம்பி, நீங்களே எழுதிக் கொடுங்க. வரி விதிக்கப்பட்ட எல்லா வீடும் முழுசா ஏத்தியாச்சு, ஒண்ணும் விடுபடலைன்னு. உங்க கம்பெனி சார்பா, உங்க கையெழுத்துல. அது இருந்தா, வருவாய் அலுவலர் கையெழுத்து இல்லாட்டியும் நான் ஏத்துக்கிட்டு அனுப்பிடறேன்.”

இப்போது பேனா அம்மாவிடமிருந்து மகனுக்குப் போய்விட்டது.

அகிலாண்டம் அவனைப் பார்த்தாள். அவன் போக வேண்டாம் என்று அந்த நேரத்தில் அவள் நினைக்கவே இல்லை. போகட்டும், எங்கே வேண்டுமானாலும் போகட்டும், இதில் மட்டும் கையெழுத்துப் போடாமல் போகட்டும் என்றுதான் நினைத்தாள். வாய்விட்டும் சொன்னாள்.

“வேண்டாம் தம்பி.”

அந்தச் சொல்தான் தப்பாகிப்போனது. மூன்று நாளுக்கு முன்னால் சொன்னதும் இதே ‘வேண்டாம்’தானே? ஆணையர் சிரித்தார். தமிழரசன் மேசைக்கு வந்தான், குனிந்தான், நிறுத்தாமல் நான்கு வரி எழுதினான், கையெழுத்துப் போட்டான். அம்மா பக்கம் திரும்பவே இல்லை. மூன்றாம் வகுப்பில் ஊமத்தங்காய் எறிந்து பக்கத்து வீட்டுக் கண்ணாடியை உடைத்துவிட்டு நின்றபோதும் இப்படித்தான் காது சிவந்திருந்தது.

மாலையில் அகிலாண்டம் வீடு வந்தபோது சிங்காரவேலு திருவையாற்றுக்குப் போய் அசோகா அல்வா வாங்கி வந்திருந்தார். பக்கத்து வீடுகளுக்குக் கிண்ணம் கிண்ணமாகப் போய்க்கொண்டிருந்தது.

“வந்துட்டியா? கம்பெனியிலேர்ந்து போன் பண்ணிட்டாங்களாம். எல்லாம் ஓகேவாம். நீ கையெழுத்துப் போட மாட்டேன்னு முறுக்கிக்கிட்டியாமே? ஆணையர் சொல்லிச் சிரிச்சாராம். போகுது விடு, நல்லபடியா முடிஞ்சுதே.”

“நல்லபடியா முடியலைங்க.”

“ஏன், என்னாச்சு?”

சொல்ல வாயெடுத்தபோது செல்போன் அடித்தது. லத்தீஃபா.

“மேடம், வந்துட்டுப் போயிட்டாங்க. போன வருஷ ரசீதைக் காட்டினேன். அதுக்குள்ள லாத்தா சுவத்துக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து இன்னிக்கு வாங்கின ரசீதைக் கொடுத்து அனுப்பிட்டாங்க. மாப்பிள்ளையோட மாமா ரெண்டையும் வச்சுப் பாத்தாரு. மேடத்துக்கு போன் போட்டுக் கேளுங்கன்னு நானும் சொல்லிப் பாத்தேன். ‘போன்ல யாரு என்ன சொல்றாங்கங்கறது எங்களுக்குத் தேவையில்லம்மா, காகிதம் வரட்டும், அப்புறம் பேசிக்கலாம்’னு எந்திரிச்சிட்டாரு. தேத்தண்ணிகூடக் குடிக்கல.”

“அனீஸா?”

“உள்ள இருக்கா. கதவைச் சாத்திக்கிட்டா.” மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது. “நீங்க கையெழுத்துப் போடலையாமே மேடம். வீரையன் சார் சொன்னாரு. அது போதும் எனக்கு. ஆனா எங்க வூட்டை யாரு திருப்பித் தருவா?”

அகிலாண்டம் போனை வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள். தண்ணீர் குடித்தாள். சிங்காரவேலு பின்னாலேயே வந்தார். எல்லாவற்றையும் அவரிடம் சொன்னாள். அவர் வயல்காரர். மேட்டுப் பங்காளி மடையை அடைத்தால் பள்ளத்துக்காரனுக்கு என்ன ஆகும் என்று தெரிந்தவர். கிண்ணத்தில் இருந்த அசோகாவை அப்படியே வைத்துவிட்டார்.

“அவன் தெரிஞ்சேவா போட்டான்?”

“தெரிஞ்சேதான்.”

“நீ என்ன பண்ணப்போற?”

அவள் பதில் சொல்வதற்குள் தமிழரசன் மாடியிலிருந்து இறங்கி வந்தான். குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, நெற்றியில் விபூதி வைத்திருந்தான். அம்மாவிடம் எப்படிப் பேசுவது என்று தெரியாத பிள்ளைகளுக்கு நம் ஊரில் ஒரு வழி இருக்கிறது. நேரே வந்து அவள் காலில் விழுந்தான்.

அகிலாண்டம் குனிந்து அவன் தலையில் இரண்டு கையையும் வைத்தாள். முடி இன்னும் ஈரமாக இருந்தது. அவளுக்கு அழுகை வந்தது, அழுதாள். அதை மறைக்கவும் இல்லை.

“நல்லா இருப்பா. எந்த ஊர்ல இருந்தாலும் நல்லா இரு. நேரத்துக்குச் சாப்பிடு.”

சிங்காரவேலு மூக்கை உறிஞ்சினார். எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் அவருக்குத் தோன்றியது.

“இன்னொண்ணு தம்பி” என்றாள் அகிலாண்டம், கையை எடுக்காமலே. “திங்கக்கிழமை காலையில நான் மண்டல அலுவலகத்துக்கு எழுதப் போறேன். பை வீடெல்லாம் விடுபட்டிருக்குன்னு. விடுபடலைன்னு எழுதிக் கொடுத்தது யாருன்னும் எழுதியாகணும். வேற யாராவது சொல்லி உனக்குத் தெரிய வேண்டாம்னு நானே முன்னாடி சொல்லிட்டேன்.”

காலைப் பிடித்திருந்த கை அப்படியே நின்றது. தமிழரசன் எழுந்திருக்கவில்லை.

“எனக்குப் புதன்கிழமை ஃபிளைட்டும்மா” என்றான் தரையைப் பார்த்தபடி.

“தபால் செவ்வாய்க்கிழமையே போய்ச் சேந்துடும் தம்பி.”